காளான், மனச்சோர்வு, மூளை: வாசகர் கேள்விகள், மருத்துவர் குழுவின் பதில்கள்

கே: "மனச்சோர்வு மாத்திரையெல்லாம் வீண். காளான் ஒரு தடவை சாப்பிட்டால் போதும், வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள்" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் எவ்வளவு உண்மை?
*வாசகர், கோயம்புத்தூர்*

பாதிக்கும் குறைவு. ஆனால் உண்மையாக இருக்கும் அந்தப் பகுதியை அலட்சியம் செய்ய முடியாது.

முதலில் ஒரு திருத்தம். பெரிய ஆய்வுகளில் யாருக்கும் காளான் கொடுக்கவில்லை. கொடுத்தது சிலோசைபின் என்ற, மாயக்காட்சி தரும் வேதிப்பொருள். மெக்சிகோவில் விளையும் ஒரு காளானிலிருந்து இதை 1958-ல் பிரித்துக் காட்டியவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் சான்டோஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாஃப்மன். மாயக்காட்சி தரும் இன்னொரு போதைப்பொருளான எல்.எஸ்.டி.யை உருவாக்கியவரும் அவர்தான். இன்று ஆய்வில் பயன்படுவது ஆய்வகத்தில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து அடைத்த கேப்சூல்.

இனி எண்களைப் பார்ப்போம். 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. பத்து நாடுகளில் 233 பேர். எல்லோருமே வழக்கமான மருந்துகள் பலன் தராதவர்கள். அவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரே ஒரு முறை 25, 10 அல்லது 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். மனச்சோர்வை அளக்க 60 மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோல். மதிப்பெண் கூடினால் நோய் அதிகம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது 25 மி.கி. பிரிவில் 12 மதிப்பெண் குறைந்திருந்தது, 10 மி.கி. பிரிவில் 7.9, 1 மி.கி. பிரிவில் 5.4.

வாட்ஸ்அப்பில் அந்த 12 மட்டும்தான் வரும். 1 மி.கி. என்பது பெயருக்குத் தருகிற அளவு. அதை விழுங்கியவர்களுக்கே 5.4 குறைந்திருக்கிறதே! ஆக, மருந்தின் கணக்கில் எழுதக்கூடியது இடைவெளி மட்டும்தான், அது 6.6. மனச்சோர்வு ஆய்வுகளில் அது நல்ல எண்தான். 10 மி.கி.க்கும் 1 மி.கி.க்கும் உள்ள வித்தியாசமோ, தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது. பன்னிரண்டாவது வாரம் வரை பலன் நிலைத்தவர்கள் 25 மி.கி. பிரிவில் ஐந்தில் ஒருவர். "ஒரு தடவை போதும்" என்ற வாசகம் மீதி நான்கு பேருக்குப் பொருந்தவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியில், இங்கே மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிட்டலோபிராமோடு சிலோசைபினை நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 59 பேர், ஆறு வாரம். ஆய்வு தொடங்குமுன் "இதைத்தான் முதன்மையாகப் பார்ப்போம்" என்று அறிவித்த அளவுகோலில் சிலோசைபின் பிரிவுக்கு 8 குறைந்தது, எஸ்சிட்டலோபிராம் பிரிவுக்கு 6. புள்ளியியல் கணக்கில் இதை வெற்றி என்று சொல்ல முடியாது. மற்ற பல அளவுகோல்களில் சிலோசைபின் முந்தியது உண்மை. ஆனால் பத்து அளவுகோலை வைத்தால் ஒன்றிரண்டில் யாராவது முந்தத்தான் செய்வார்கள். அதற்கான திருத்தக் கணக்கை அங்கே போடவில்லை. 2025 ஜூனில், 258 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவை மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் அறிவித்தது. ஒரு முறை கொடுத்த 25 மி.கி.க்கும் வெற்று மாத்திரைக்கும் ஆறாவது வாரத்தில் இடைவெளி 3.6. முந்தைய 6.6-ஐவிட இறங்கிவிட்டது. ஆய்வு பெரிதாகப் பெரிதாக எண் சிறிதாவது மருத்துவத்தில் புதிதல்ல.

கே: வழக்கமான மாத்திரையைத் தினமும் போட வேண்டும். இது மட்டும் ஒரு தடவை கொடுத்து வாரக்கணக்கில் எப்படி வேலை செய்கிறது? மூளையில் என்னதான் நடக்கிறது?
*வாசகி, தஞ்சாவூர்*

உள்ளே போனதும் சிலோசைபினிலிருந்து பாஸ்பேட் பகுதி கழன்று அது சிலோசின் ஆகிறது. மூளைக்குள் போய் வேலை செய்வது இந்தச் சிலோசின்தான். மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்கு இது உருவத்தில் தம்பி மாதிரி இருக்கும். அதனால் செரட்டோனினுக்காக இருக்கிற பல ஏற்பிகளில் (செல்லில் அந்தச் செய்தியை வாங்கும் இடங்கள்) போய் ஒட்டுகிறது. அவற்றில் முக்கியமானது 5-எச்.டி.2ஏ. மூளையின் மேற்பரப்பான பெருமூளைப் புறணியை ஆறு அடுக்காகப் பிரிப்பார்கள். இந்த ஏற்பி மிகுதியாக இருப்பது ஐந்தாம் அடுக்கின் பெரிய பிரமிடு வடிவ நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில். இது ஊகம் இல்லை. 1998-ல் சூரிச்சில் ஃபோலன்வைடர் குழுவினர், கெட்டான்செரின் என்ற மருந்தால் அந்த ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சிலோசைபின் கொடுத்துப் பார்த்தார்கள். மாயக்காட்சிகள் வரவில்லை.

அப்படியென்றால் நம் மூளையில் ஊறும் செரட்டோனினே அதே ஏற்பியைத் தொடும்போது ஏன் காட்சிகள் தோன்றுவதில்லை? 2023-ல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓல்சன் குழு ஒரு விளக்கம் தந்தது. இந்த ஏற்பிகளில் கணிசமானவை செல்லின் வெளிச்சுவரில் இல்லை, உள்ளே இருக்கின்றன. செரட்டோனினால் சுவரைத் தாண்ட முடியாது. கொழுப்பில் எளிதாகக் கரையும் சிலோசின் போன்றவை தாண்டிவிடும். அழகான விளக்கம். ஆனால் வளர்ப்புச் செல்களிலும் எலியிலும் கண்டது.

வாரக்கணக்கில் நீடிப்பதற்கு இரண்டு தடயங்கள் உண்டு.

ஒன்று, நியூரான்களின் கிளைகளில் உள்ள நுண்முட்கள். ஒரு நியூரான் இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடம் இதுதான். யேல் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் குவான் குழு 2021-ல் எலிகளின் முன்மூளையை நுண்ணோக்கியால் நாள்தோறும் பார்த்தது. ஒரே ஒரு ஊசி சிலோசைபினுக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் முட்களின் எண்ணிக்கையும் அளவும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடின. ஒரு மாதம் கழித்தும் அதில் ஒரு பகுதி நிலைத்திருந்தது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் இந்த முட்களை எண்ண வழியில்லை.

இன்னொன்று, மூளையின் வலைப்பின்னல்கள். குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும், தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்போதும் சில பகுதிகள் சேர்ந்து இயங்கும். 2001-ல் செயின்ட் லூயிஸ் நகரின் மார்கஸ் ரெய்க்கல் இதை அடையாளம் காட்டினார். ஓய்வுநிலை வலைப்பின்னல் என்று வைத்துக்கொள்வோம். "நான் உதவாக்கரை, என்னால்தான் எல்லாம் கெட்டது" என்று ஒன்றையே அரைத்துக்கொண்டிருக்கும் மனச்சோர்வு நோயாளிக்கு இந்த வலைப்பின்னலின் போக்கு மாறியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிலோசைபின் கொடுத்தால் மூளை கொதிக்கும், ரத்த ஓட்டம் பாயும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2012-ல் இம்பீரியல் கல்லூரியில் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ், டேவிட் நட் குழுவினர் 2 மி.கி.யை ரத்தநாளத்தில் செலுத்தி ஸ்கேன் செய்தபோது இந்த வலைப்பின்னலின் மையப் பகுதிகளில் ரத்த ஓட்டம் குறைந்துதான் இருந்தது.

2024-ல் நேச்சர் இதழில் வந்த வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு (செயின்ட் லூயிஸ் நகரில் உள்ளது) எங்களுக்குப் பிடித்தது. ஆட்கள் ஏழே பேர். ஆனால் ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் ஏறக்குறைய 18 முறை ஸ்கேன் செய்தார்கள். ஒரு நாள் 25 மி.கி. சிலோசைபின், இன்னொரு நாள் ஒப்பிடுவதற்காக 40 மி.கி. மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து. வலைப்பின்னல் இணைப்புகள் குலைந்த அளவு மெத்தில்ஃபெனிடேட்டைவிட மூன்று மடங்குக்கு மேல். பெரும்பாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் முன்பக்கத்துக்கும் ஓய்வுநிலை வலைப்பின்னலுக்கும் இடையிலான இணைப்பு மட்டும் மூன்று வாரம் வரை தளர்ந்தே இருந்தது. எளிமையான ஒரு வேலையைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பியபோது குலைவு குறைந்ததையும் கண்டார்கள். பயந்துபோனவரிடம் "என் கையைப் பிடி, மூச்சைக் கவனி" என்று சொல்வது ஏன் பலிக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். அந்த ஏழு பேரும் ஆரோக்கியமானவர்கள், மனச்சோர்வு நோயாளிகள் அல்லர் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கே: "சைகடெலிக் கொடுத்த மூளை ஒளிர்கிறது" என்று இணையத்தில் வண்ணப்படங்கள் வருகின்றன. அவற்றை நம்பலாமா?
*கல்லூரி மாணவர், மதுரை*

சைகடெலிக் என்பது சிலோசைபின், எல்.எஸ்.டி. போன்ற மாயக்காட்சி தரும் பொருள்களின் பொதுப்பெயர். படத்தில் ஒளிர்வது நியூரான் அல்ல. இந்தப் படங்களைத் தரும் வழக்கமான எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும் விதத்தை. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடும் என்ற நம்பிக்கையில் அதை வேலையின் அடையாளமாகக் கொள்கிறோம். சிக்கல் என்னவென்றால், செரட்டோனின் ஏற்பிகள் ரத்தநாளச் சுவர்களிலும் இருக்கின்றன. மருந்து நாளத்தையே சுருக்கிவிட்டால், நியூரான் எப்போதும்போல் இருந்தாலும் படம் மாறும். மாயக்காட்சியில் இருப்பவர் தலையை அசையாமல் வைத்திருப்பதும் கடினம்; ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவே இணைப்புக் கணக்கைக் கெடுத்துவிடும். நல்ல ஆய்வுக் கட்டுரை இந்த இரண்டையும் எப்படிக் கழித்தார்கள் என்று எழுதியிருக்கும். வண்ணங்களை விட்டுவிட்டு அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

கே: ஆய்வில் சேர்ந்தவருக்கு மருந்து கொடுக்கும் நாள் எப்படி இருக்கும்? மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?
*வாசகி, திருநெல்வேலி*

அனுப்பவே மாட்டார்கள். மருந்துக்கு முன்பே சில அமர்வுகள் பேச்சிலேயே போகும். என்னென்ன தோன்றலாம், பயம் வந்தால் என்ன செய்வது, கையைப் பிடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். மருந்தின் மயக்கத்தில் வாங்கும் சம்மதம் செல்லாது என்பதால்தான் இந்த முன்னேற்பாடு.

அன்று காலை லேசான உணவு. ரத்த அழுத்தம், இ.சி.ஜி. பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் கூடியிருந்தால் அன்றைக்கு மருந்து இல்லை. சிலோசைபின் அதை இன்னும் ஏற்றும். மருத்துவமனை வாடை இல்லாத ஓர் அறை, கட்டில், கண்மூடி, காதில் இசை. பக்கத்தில் பயிற்சி பெற்ற இருவர் இருப்பார்கள். கேப்சூலை விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணிக்குள் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சம். ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். அதுவரை கூட இருப்பவர்கள் உபதேசம் செய்வதில்லை, விளக்கம் சொல்வதில்லை. மாலையில் மருத்துவர் பார்த்து, துணைக்கு ஆள் வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது. மறுநாளும் அடுத்த வாரமும் உட்கார்ந்து பேசுவார்கள்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் சகஜம். 2022 ஆய்வில் நான்கில் மூன்று பேருக்குமேல் ஏதாவதொரு தொந்தரவு இருந்தது. தற்கொலை எண்ணமோ சுயகாயமோ மூன்று பிரிவிலுமே சிலருக்கு வந்தது. மருந்து நாள் நன்றாகப் போய், நான்காவது வாரம் பழைய இருட்டு திரும்பும்போது "இதுவும் எனக்குப் பலிக்கவில்லை" என்று நோயாளி உடைந்துபோகும் தருணம் ஆபத்தானது. பின்தொடர் அமர்வுகள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல.

யாரைச் சேர்க்க மாட்டார்கள்? தனக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ சைகோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய்) அல்லது இருதுருவ மனநோய் இருந்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயநோயாளிகள். ஆய்வில் பார்க்கும் பாதுகாப்பு, இப்படிச் சலித்தெடுத்தவர்களின் பாதுகாப்பு.

கே: மாயக்காட்சி தெரிந்தால் உண்மையான மருந்து, தெரியாவிட்டால் வெற்று மாத்திரை என்று யாருக்கும் புரிந்துவிடுமே? பிறகு என்ன ஒப்பீடு?
*ஆசிரியர், சென்னை*

இந்தத் துறையின் ஆறாத புண்ணில் விரலை வைத்துவிட்டீர்கள். 2023-ல் ஜாமா இதழில் வந்த 104 பேர் ஆய்வில், ஒப்பீட்டுக்கு நியாசின் என்ற வைட்டமினை 100 மி.கி. கொடுத்தார்கள். நியாசின் உடம்பில் சூடும் சிவப்பும் ஏற்றும். "ஏதோ நடக்கிறது" என்று தோன்றட்டும் என்ற ஏற்பாடு. ஆறு வாரத்தில் இடைவெளி 12.3 மதிப்பெண். பிரமாதமான எண்தான். ஆனால் உலகமே கொண்டாடும் மருந்துக்காகப் பதிவு செய்து காத்திருந்தவருக்கு, முகம் சிவந்ததோடு சரி என்றால் ஏமாற்றம் வராதா? அந்த ஏமாற்றமும் இடைவெளியை அகலப்படுத்தும். அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, ஏமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இன்றைக்குக் கருவி இல்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு 2023-ல் சாமர்த்தியமாக யோசித்தது. மருந்து கெட்டமைன், மயக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தருவது. மனச்சோர்வு உள்ள 40 பேர், வேறு அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருக்கும்போது, பாதிப் பேருக்குக் கெட்டமைன், பாதிப் பேருக்கு வெறும் சலைன் செலுத்தினார்கள். மயக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு பிரிவுமே நன்றாகத் தேறின, வித்தியாசம் இல்லை. தேறியவர்கள் "எனக்குக் கெட்டமைன்தான் கொடுத்திருப்பார்கள்" என்று ஊகித்தார்கள். கெட்டமைனுக்குச் சக்தியே இல்லை என்று இதற்குப் பொருளில்லை; மயக்க மருந்தே அதன் வேலையைத் தடுத்திருக்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு எத்தனை மதிப்பெண் வாங்கித் தரும் என்பது தெரிந்துவிட்டது.

கே: இரண்டு வருடமாக எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறேன். நண்பர் ஒருவர் "அதை நிறுத்திவிட்டுக் காளான் முயன்று பார்" என்கிறார்.
*பெயர் வேண்டாம், சேலம்*

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, எரிச்சல் எல்லாம் வரும். அதைவிட முக்கியம், நோய் திரும்பலாம். பல ஆய்வுகளில் பழைய மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, முழுவதும் நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது காத்திருந்தார்கள். ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் என்பதால் அதற்கு இன்னும் கூடுதல். அந்த இடைவெளியில் நோயாளி மோசமாவது ஆய்வுகளிலேயே நடக்கிறது.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. லித்தியத்தோடு சைகடெலிக் சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. அயவாஸ்கா என்ற தென்னமெரிக்கக் கஷாயத்தில் எம்.ஏ.ஓ. தடுப்பான், அதாவது செரட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தோடு அது சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி, காய்ச்சல், தசை விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

கே: கல்லூரியில் படிக்கும் மகன், நண்பர்களோடு கொடைக்கானல் போய்ப் போதைக் காளான் சாப்பிட்டிருக்கிறான் என்று தெரிந்தது. பயமாக இருக்கிறது.
*தாய், திண்டுக்கல்*

பயத்தில் அடித்துத் துரத்தாதீர்கள். அடுத்த தடவை அவன் உங்களிடம் சொல்ல வேண்டும்.

புல்வெளியில் பறிக்கும் காளானில் சிலோசைபின் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். பார்வைக்கு ஒத்திருக்கும் சில காட்டுக் காளான்களில் கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் உண்டு. அடையாளம் ஒன்று சொல்கிறோம், மனதில் வையுங்கள்: காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் உடனே மருத்துவமனை. மறுநாள் வாந்தி நின்று "சரியாகிவிட்டது" என்று தோன்றும். கல்லீரல் அப்போதுதான் கெட்டுக்கொண்டிருக்கும். மீதிக் காளான் இருந்தால் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள்.

போதையில் பதறினால் வெளிச்சத்தைக் குறைத்து, தனியே விடாமல், வாக்குவாதம் செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். மாடி, பள்ளத்தாக்கு, சாலை எதன் அருகிலும் விடாதீர்கள். வலிப்பு, நெஞ்சுவலி, கடுங்காய்ச்சல் என்றால் 108. போதை தெளிந்து ஒரு நாள் கழித்தும் யாரோ பேசுவதுபோலக் கேட்டாலோ, காரணமில்லாத சந்தேகம் இருந்தாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டம் கடுமையானது. சிலோசைபினும் எல்.எஸ்.டி.யும் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. எல்.எஸ்.டி. 0.1 கிராம் இருந்தாலே வணிக அளவு. குறைந்தபட்சம் பத்தாண்டு சிறை. "ஆராய்ச்சியில் மருந்து என்கிறார்கள்" என்ற வாதம் அங்கே செல்லாது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி, சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கே: ஐ.டி. துறையில் பலர் போதை ஏறாத அளவுக்கு மிகக் குறைவாக எல்.எஸ்.டி. எடுத்து வேலை பார்க்கிறார்களாம். அதில் பலன் உண்டா?
*மென்பொருள் பணியாளர், பெங்களூரு*

2021-ல் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 191 பேரிடம் நடத்திய சோதனை இதற்கு நேரான பதில். வீட்டிலேயே எடுப்பவர்கள், எது மருந்து எது வெற்று என்று தமக்கே தெரியாதபடி கேப்சூல்களைக் குறியீட்டு உறைகளில் போட்டுக் கலந்துகொண்டார்கள். நான்கு வாரத்தில் மருந்து எடுத்தவர்களுக்கு மனநலம் கூடியது. வெற்றுக் கேப்சூல் எடுத்தவர்களுக்கும் கூடியது, ஏறக்குறைய அதே அளவு.

வாரம் மூன்று நாள் என்று மாதக்கணக்கில் எடுப்பதில் வேறொரு கவலையும் உண்டு. இவை இதய வால்வில் உள்ள 5-எச்.டி.2பி ஏற்பியிலும் ஒட்டுகின்றன. அதே ஏற்பியைத் தொடர்ந்து தூண்டி வால்வைக் கெடுத்ததால்தான் ஃபென்ஃப்ளூரமின் என்ற உடல் இளைப்பு மருந்து 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

கே: ஆஸ்திரேலியாவில் சட்டபூர்வமாகிவிட்டது என்கிறார்கள். மருத்துவரிடம் சீட்டு வாங்கலாமா?
*வாசகர், மெல்பர்ன்*

உங்கள் குடும்ப மருத்துவரால் எழுத முடியாது. 2023 ஜூலை 1 முதல், தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் சிலோசைபினை, சிகிச்சைக்கு அடங்காத மனச்சோர்வுக்குத் தரலாம், எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி என்றும் பெயர்) என்ற இன்னொரு பொருளைப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்குத் தரலாம். நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். பல நாள் அமர்வுகளும் இரண்டு நிபுணர்களின் நேரமும் சேர்வதால் செலவு மிக அதிகம். எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கே: என் அண்ணனுக்கு மூன்று மருந்து மாற்றியும் மனச்சோர்வு தீரவில்லை. சிலோசைபின் இங்கே கிடைக்காது என்றால் வேறு என்ன வழி?
*வாசகி, திருச்சி*

முதலில் "மூன்று மருந்து" என்பதைச் சோதியுங்கள். ஒவ்வொன்றும் போதிய அளவில், ஆறு முதல் எட்டு வாரம், விடாமல் சாப்பிட்டாரா? குறைந்த அளவிலேயே நின்றதும், மூன்றாவது வாரத்தில் கைவிட்டதும் தோல்விக் கணக்கில் சேராது. தைராய்டு, பி12 பார்த்தார்களா? குடிப்பழக்கம் உண்டா? எப்போதாவது தூக்கமே தேவையில்லாமல், பேச்சும் செலவும் எல்லை மீறிய நாட்கள் இருந்தனவா? இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம், மருந்தே வேறு.

அதன்பிறகும் அடங்கவில்லை என்றால் லித்தியம் போன்ற துணை மருந்து சேர்ப்பது ஒரு வழி. தலைமேல் காந்தத் துடிப்பு தரும் ஆர்.டி.எம்.எஸ். இன்னொன்று, வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். கெட்டமைனை எடைக்குத் தக்கபடி கிலோவுக்கு 0.5 மி.கி. கணக்கில், 40 நிமிடத்தில் மெல்ல ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் பலன் தெரியும், சில நாளில் மங்கும், அதனால் திரும்பத் தர வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க வசதியுள்ள மருத்துவமனையில் மட்டும் இதைச் செய்யலாம்.

சாப்பாட்டையே மறுக்கும் அளவுக்கோ, தற்கொலை எண்ணம் முற்றும் அளவுக்கோ போனால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இ.சி.டி. எனும் மின் சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் உண்டு. சினிமாவில் காட்டுவதுபோல் கட்டிவைத்துக் கொடுப்பதல்ல. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் தருவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாரம் இரண்டு மூன்று வீதம் ஆறு முதல் பன்னிரண்டு முறை தருவார்கள். அந்த வாரங்களின் நினைவில் ஓட்டை விழலாம். பெரும்பாலும் நாளடைவில் சரியாகும்.

அடுத்த முறை போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார் என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இரவில் நிலைமை கைமீறினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.